மீன்தொட்டி ஒயருக்கு நான் சுற்றிய நூல்

எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்த வருடம் தெருக்கிணறு அடி தெரிந்து கிடந்தது. மூன்று தெரு தள்ளி அடிபம்பு. வரிசையில் நின்று, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு குடம் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். என் மகன் ஒரு கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

மெட்ராஸில் ஜவுளி வியாபாரி வீட்டில் பார்த்தானாம். அதே போல நமக்கும் வேண்டும் என்று மூர் மார்க்கெட்டில் வாங்கி, அரக்கோணம் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தானாம். அங்கிருந்து பஸ். மீன்கள் தனியாக ஒரு பாலிதீன் பையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"இன்னாடா இது?" என்றேன், குடத்தை இறக்காமலே.

"மீன்தொட்டிம்மா. வூட்டுக்கு ஒரு லட்சணம் வேணாவா?"

"இதுக்கு எத்தினி கொடம் புடிக்கும்?"

"ஆறு. அப்புறம் வாரத்துக்குப் பாதி மாத்தினா போதும்."

"எனக்கு ரெண்டு கொடத்துக்கே நாக்கு தள்ளுது. நானும் மீனா பொறந்திருந்தா உன் மடியில குந்திகினு மெட்ராஸ்லருந்து வந்திருப்பேன்."

அவன் சிரித்தான். நான் சொல்வதற்கெல்லாம் வீட்டில் சிரிப்பார்கள். வாயைத் திறந்தால் கேலிதான் என்று தெருவில் எனக்குப் பேர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துபோனது. வாய் மட்டும் மேலே மேலே படித்துக்கொண்டே போனது. அந்த வாயால் என்ன ஆனது என்றுதான் சொல்ல வந்தேன்.

எங்களுக்கு நான்கு பவர்லூம் தறி. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகையில் ஓடும். கொட்டகைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு நடை, சிமெண்டுத் தரை. அங்கே பழைய மரமேஜை ஒன்றைப் போட்டு அதன்மேல் தொட்டியை வைத்தான். இந்தக் காலத்தில் வருகிற தொட்டி மாதிரி இல்லை அது. நாலு பக்கமும் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் கண்ணாடி, சந்தில் தண்ணீர் கசியாமல் அடைத்த மக்கு. மேலே தகரத்தில் ஒரு மூடி, மூடிக்கு உள்பக்கம் ஒரு பல்பு. பக்கத்தில் கைக்கு அடக்கமாக ஒரு மோட்டார். அது ஓடினால் தண்ணீருக்குள் முத்து முத்தாகக் காற்று கிளம்பும்.

இதற்குக் கரண்ட் வேண்டுமே. வயர்மேனைக் கூப்பிட்டால் ஒரு நாள் ஆகும் என்று அவனே கொட்டகை போர்டிலிருந்து ஒயர் இழுத்தான். சுவரில் ஒரு சுவிட்ச் வைத்தான். அங்கிருந்து தொட்டிக்கு வரும்போது ஒயர் ஒரு முழம் பத்தவில்லை. துண்டு ஒயர் ஒன்றைச் சேர்த்து முறுக்கினான். முறுக்கின இடம் சரியாகத் தகர மூடிக்கு உள்பக்கம் வந்து உட்கார்ந்தது. மேலே ஒட்டுகிற கறுப்பு டேப் வீட்டில் இல்லை.

"ம்மா, இத கொஞ்சம் நூல் போட்டு சுத்திக் குடு. நாளைக்கு டேப் வாங்கியாந்து மாத்திக்கலாம்."

நூல் சுற்ற என்னிடமா சொல்ல வேண்டும்? தறியில் குறுக்கே ஓடுகிற நூலைச் சின்னக் கட்டையில் சுற்றி வைப்போம், அதற்குத் தார் என்று பேர். பத்து வயதிலிருந்து தார் சுற்றுகிறேன். நாற்பது வருடம். தூங்கும்போது கூட என் விரல் சுற்றிக்கொண்டிருக்கும் என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த வரை சொல்வார். பஞ்சு நூலை எடுத்து, இழைமேல் இழை ஏறாமல், இடைவெளி இல்லாமல், இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். பார்க்கவே அழகாக இருந்தது.

"கடையில விக்கிற டேப்பு தோத்துது போ," என்றான் மகன்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மருமகளும் தலையை ஆட்டினாள். நாளைக்கு வாங்குகிறேன் என்ற அந்த டேப்பை அவன் கடைசிவரை வாங்கவேயில்லை.

மருமகள் எல்லை தாண்டி நகரிப் பக்கத்துப் பெண். வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள், அதுவும் அளந்துதான் பேசுவாள். நல்ல உயரம். நான் அவள் தோளுக்குக் கீழே. நாங்கள் இரண்டு பேரும் கடைத்தெருவில் நடந்தால் உலக்கையும் உழக்கும் நடந்து போகிற மாதிரி இருக்கும். மீன்தொட்டி வேலை அவள் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவி விட்டதும் தொட்டித் தண்ணீரில் பாதியை மொண்டு கொட்டி, உள்கண்ணாடியில் படிந்த பாசியைத் துணியால் துடைத்து, புதுத்தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமையோ நாலாவதோ, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தே, தொட்டியில கை வெச்சா சுருக்குனு இழுக்குது."

"மீனு கடிச்சிருக்கும்."

"இல்ல அத்தே, கரண்டு."

"சுவிட்ச அமுத்திட்டுக் கைய வுடேன்."

"அமுத்திட்டுத்தான் வுட்டேன். பல்பு நின்னுபோச்சி. அப்பவும் இழுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு அணைந்த பிறகும் கரண்ட் அடிக்குதாம்! தொட்டியில் மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் போய்க்கொண்டிருந்தன. நாள் முழுக்க அந்தத் தண்ணீருக்குள்ளேயே குடியிருக்கிற மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வாரத்துக்கு ஒருதரம் கை வைக்கிற இவளுக்கு மட்டும் இழுக்கிறதா? வேலைக்குச் சாக்கு. நானும் மருமகளாக இருந்தவள்தானே. மாமியாரிடம் நான் சொன்ன சாக்குகளில் இது கால்பங்கு கூட இல்லை.

"வா, பாக்கலாம்," என்று நடைக்குப் போனேன்.

மேஜை உயரம், தொட்டி அதற்கு மேலே ஒரு உயரம். எனக்கு எட்டாது. சாப்பிட உட்காருகிற மணைப்பலகையை எடுத்துவந்து, இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் போட்டு ஏறினேன். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து மறுகையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஒன்றுமில்லை. சுவிட்சைப் போடச் சொல்லி மறுபடி விட்டேன். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். கொட்டகையிலிருந்து மகனும், தறி ஓட்டுகிற ஆளும் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார்கள். கொட்டகைத் தரையில் ஆணியும் கம்பியும் கிடக்கும் என்று அவர்கள் எப்போதும் ரப்பர் செருப்போடுதான் இருப்பார்கள். அவர்களும் வந்து ஆளுக்கொரு தரம் கையை விட்டார்கள்.

"ஒண்ணுமில்லியே," என்றான் மகன்.

"ஒண்ணுமில்லீங்க," என்றான் ஆள்.

அதோடு இறங்கியிருக்கலாம். கூட்டம் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. பலகைமேல் நின்றபடியே "ஐயோ புடிச்சிக்கிச்சே! ஐயோ யப்பா!" என்று கத்திக்கொண்டு கையையும் காலையும் உதறி, கண்ணைச் செருகி, நாக்கைத் தொங்கவிட்டு ஒரு ஆட்டம் போட்டேன். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆள் உட்கார்ந்தே விட்டான். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. என் காலடியில் இருந்த பலகையைப் பார்த்தாளா, தரையைப் பார்த்தாளா தெரியாது. குனிந்தபடி நின்றாள்.

பிறகு அந்த ஆட்டம் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும், "யம்மா, மருமவளுக்கு ஷாக் அடிச்சதக் காட்டு," என்பார்கள். நான் காட்டுவேன். பால்காரிக்குக் காட்டினேன். ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த என் நாத்தனாருக்கு இரண்டு தரம் காட்டினேன். மருமகள் காப்பி ஆற்றிக்கொண்டு உள்ளேயே நிற்பாள்.

ஒருநாள் அவள் தன் புருஷனிடம் நேராகவே கேட்டாள். நான் தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாவா, வெள்ளிக்கெழம தண்ணி மாத்துற நேரத்துக்கு மட்டும் மெயின எறக்கிடறியா? கால் மணி நேரம்."

"மெயின எறக்கினா நாலு தறியும் நிக்கும்."

"நிக்கட்டுமே."

"நிக்கட்டுமா? நின்ன எடத்துல துணியில கோடு வுழும். வியாபாரி விரிச்சிப் பாத்தான்னா மூஞ்சி மேல வீசுவான். மீனக் கழுவ தறிய நிறுத்தினான்னு ஊரே சிரிக்கும்."

அவன் சொன்னதும் பொய்யில்லை. ஓடுகிற தறியை நிறுத்தி மறுபடி ஓட்டினால், நின்ற இடத்தில் துணிக்குக் குறுக்கே நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழும். துவைத்தாலும் போகாது. நெசவுக்காரன் வீட்டில் வாசற்படியில் பாம்பு வந்தால்கூட தறியை நிறுத்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் பார்த்துக்கொண்டாள். சட்டத்தைத் தொடாமல், நீளக் காம்பு வைத்த கொட்டாங்கச்சி அகப்பையால் தண்ணீரை மொண்டாள்.

"இன்னாமே, மீனுக்கு சாம்பார் ஊத்துறியா?" என்றேன். அவள் அடுத்த அகப்பையை மொண்டாள்.

ஆனால் பாசியை அகப்பையால் துடைக்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை நடையிலிருந்து டமார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் பக்கெட் உருண்டு கிடக்கிறது, இவள் சுவரோரம் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முழங்கை எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மூஞ்சியில் ரத்தமே இல்லை.

"இன்னாச்சி, வழுக்கிடுச்சா?" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, "ஆங் அத்தே. வழுக்கிடுச்சி," என்றாள்.

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது என்று இப்போது தெரிகிறது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் நாம் சொல்வதையே ஒத்துக்கொள்வாள். எனக்கும் அன்றைக்கு அலுப்புதான். காலையிலிருந்து எட்டு நடை தண்ணீர் தூக்கியிருந்தேன். தைலத்தைக் கொண்டுவந்து தடவிவிட்டு, தரையைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மறுபடியும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள்.

ஒரு கிருத்திகை வெள்ளிக்கிழமையில் வந்தது. சம்பந்தி, அதாவது அவள் அப்பா, எங்கள் ஊர் மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மலைப்படி ஏறி இறங்கி முட்டி பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கு. நடையில்தான் காற்று வரும் என்று அங்கேயே மணைப்பலகையைப் போட்டு உட்காரவைத்து இலை போட்டோம். அப்பா வருகிறார் என்று இவள் நடையைக் கழுவிவிட்டிருந்தாள், இன்னும் காயவில்லை. கொட்டகையில் தறி டக்கா டக்கா என்று ஓடிக்கொண்டிருந்தது. மகன் மட்டும் மரியாதைக்கு வந்து கதவோரம் நின்றான்.

இரண்டாவது தரம் சோறு போடும்போது சம்பந்தி மெதுவாக ஆரம்பித்தார்.

"சம்பந்தியம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. இந்தத் தொட்டியில ஏதோ கரண்டு அடிக்குதுன்னு பொண்ணு சொல்லிச்சி."

"நைனா!" என்றாள் இவள்.

"சும்மா கேக்கறேன்மா. அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

நான் நினைத்தேன். பொண்ணு பிறந்த வீடு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள், மாமியார் கரண்ட் வைத்துக் கொல்கிறாள் என்று நகரி முழுக்கப் பேசுவார்கள் என்று எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் சிரித்த முகமாகத்தான் சொன்னேன். "அடிக்குதா இல்லியான்னு நீங்களே பாருங்க சம்பந்தி. கண்ணு முன்னாடி கைய வுட்டுக் காட்டறேன்."

ஏறி நிற்கப் பலகை வேண்டும். பலகைமேல் சம்பந்தி உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எழுந்திரு என்று சொல்ல முடியுமா? பக்கத்தில் தண்ணீர் மொள்ளுகிற இரும்பு பக்கெட் இருந்தது. அதை ஈரத் தரையில் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். இடது கையால் சட்டத்தைப் பிடித்தேன். வலது கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

என்ன ஆனது என்று சொல்லத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? உள்ளங்காலிலிருந்து தோள் வரை யாரோ என்னைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார்கள். சட்டத்தைப் பிடித்த கை என்னுடையதாக இல்லை. விடு விடு என்கிறேன், அது இன்னும் இறுக்குகிறது. கத்த வேண்டும், வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. தண்ணீருக்குள் என் விரல் நடுங்குவதும், அதைச் சுற்றி ஒரு சிவப்பு மீன் நிதானமாகப் போவதும் தெரிகிறது.

பின்னால் மகன் சிரித்தான். எனக்கு நன்றாகக் கேட்டது.

"பாத்தீங்களா மாமா? இதான் அந்த ஆட்டம். எங்கம்மா செஞ்சா அசல் மாதிரியே கீது இல்ல?"

சம்பந்தியும் சிரித்தார். சோற்றுக் கையோடு சிரித்தார். நான் செத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அப்படிச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மருமகள் கையிலிருந்த ரசச் சட்டி விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

"ஆட்டமில்ல பாவா! சத்தமே வரல பாரு! நைனா, தொடாதே! யாரும் தொடாதீங்க!"

அந்தப் பெண் அவ்வளவு சத்தமாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. சுவிட்ச் கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. மகன் அதைத்தான் அமுக்கினான். பல்பு அணைந்தது, என்னை முறுக்கியது நிற்கவில்லை. இவள் சுவிட்ச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நம்பி எத்தனை வெள்ளிக்கிழமை அடி வாங்கியிருப்பாள்! நேராகக் கொட்டகைக்குள் ஓடி மெயின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

நாலு தறியும் நின்றன. நான் பக்கெட்டோடு விழுந்தேன்.

தறி நின்றால் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். மலைமேல் அரோகரா என்கிறார்கள், அது வீட்டுக்குள்ளேயே சொல்கிற மாதிரி கேட்டது. கொட்டகையிலிருந்து ஆள், "எவன்டா அவன் மெயின எறக்கினது? கோடு வுழுந்துகினு கீது!" என்று கத்தினான்.  இவள் ஓடிவந்து என் தலையை மடியில் வைத்து நெஞ்சைத் தடவினாள். 

"அத்தே, பேசு அத்தே. ஏதாவது கிண்டலாச்சும் பேசு."

பேச வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். நாடி பார்த்து, கையில் வெந்த இடத்துக்குக் களிம்பு போட்டு, ஆயுசு கெட்டி என்று அனுப்பிவிட்டார்கள். சம்பந்தி ராத்திரி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கினார். மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். கேட்டிருப்பார் போல. காலையில் அவர் மட்டும்தான் கிளம்பினார். போகும்போது, "மொதல்ல ஒயர் வேல தெரிஞ்ச ஆளக் கூப்புடுங்க," என்று மட்டும் சொன்னார்.

வயர்மேன் வந்தார், என் வயது இருக்கும். டெஸ்டரைச் சட்டத்தில் வைத்தார், டெஸ்டருக்குள் குட்டி விளக்கு எரிந்தது. மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"சுவிட்ச இன்னா பண்ணி வெச்சிகினு கீற? கரண்டு ஒரு ஒயர்ல வருது, ஒரு ஒயர்ல திரும்பிப் போவுது. நீ திரும்பிப் போற ஒயர்ல சுவிட்ச மாட்டி வெச்சிருக்க. அமுத்தினா பல்பு அணையும். வர்ற கரண்டு தொட்டி வரைக்கும் வந்து குந்திகினுதான் இருக்கும்."

மகன் சுவிட்சை ஒருதரம் அமுக்கிப் பார்த்தான்.

"அப்ப எனக்கு ஏன் அன்னிக்கு அடிக்கல?" என்றேன். சமையல்கட்டு வாசலில், நடையைப் பார்த்து மெத்தையில் படுத்தபடிதான். "மொத தடவ நானும் கைய வுட்டேன். இவனும் வுட்டான்."

"எது மேல நின்னீங்க?"

"மணைப்பலக."

"காஞ்ச மரம். இவன்?"

"செருப்பு போட்டுகினு இருந்தான்."

"ரப்பரு. கரண்டு ஒங்க ஒடம்புல பூந்து தரைக்குப் போவணும்னு பாக்கும். பலகயும் செருப்பும் வழிய அடைச்சிகினு நின்னுது. அந்தப் பொண்ணு வெறுங்கால்ல ஈரத்தரையில நின்னுது. அதுக்கு மட்டும் அடிச்சிது."

"மீனுக்கு?"

"மீனு தண்ணிக்குள்ளயே கீது. அதுக்குத் தரையத் தொட இன்னா வேலை?"

இவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பவே சொன்னேனே என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வயர்மேன் தகர மூடியைத் தூக்கினார். ஒயர் இணைப்பில் நான் சுற்றிய நூல் ஊறி, கறுத்து, பாசி பிடித்து உப்பியிருந்தது. காற்றுக்குமிழி தெறித்துத் தெறித்து அத்தனை தண்ணீரையும் அது குடித்திருந்தது. அங்கிருந்து தகரம், தகரத்திலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து மருமகள். அவர் நூலின் நுனியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிளேடு வைத்துத்தான் அறுத்தார்.

"இத யாரு சுத்தினது?"

இவளுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவள். தலையைக் குனிந்துகொண்டு, "தெரிலீங்க," என்றாள்.

"நான்தான்," என்றேன்.

"நல்லா கெட்டியா சுத்தியிருக்கீங்க."

"நாப்பது வருஷ வேலைங்க."

"நூலு தண்ணி குடிக்கும்மா," என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தார். ஒட்டில்லாத ஒரே ஒயர் போட்டார். சுவிட்சை மாற்றினார். சட்டத்துக்கு எர்த் என்று ஒரு கம்பி கட்டி, வெளியே மண்ணில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டுப் புதைத்தார். தகர மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலகையில் மூடி செய்யச் சொன்னார். மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே ஆணியில் மாட்டினார். ஒயரை நேராக இழுக்காமல், கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றினார். தண்ணீர் வழிந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும், சுவிட்சுக்கு ஏறாது என்றார். போகும்போது சொன்னார்:

"இவ்ளோ பண்ணியும் சொல்றேன், தொட்டிக்குள்ள கை போறதுக்கு முன்னாடி கரண்டு நிக்கணும்."

மகன் கொட்டகையைப் பார்த்தான். "தறி நிக்குமே," என்றான், பழக்கத்தில்.

"நிக்கட்டும்," என்றேன் நான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் கால் மணி நேரம் எங்கள் தறி நிற்கும். நாலு தறித் துணியிலும் வாரத்துக்கு ஒரு கோடு. வியாபாரி விரித்துப் பார்த்து, "இன்னாப்பா இது வாராவாரம்?" என்று கேட்டாராம். மகன் என்ன சொல்லிச் சமாளித்தான் என்று நான் கேட்கவில்லை. கோடு விழுந்த துணி கொஞ்சம் வீட்டுக்கே திரும்பி வந்தது. எனக்கு இரண்டு புடவை, தலையணை உறை, கரித்துணி. இப்போதும் ஒன்று இருக்கிறது. குறுக்கே தடவினால் விரலுக்குத் தெரியும்.

மெயினை இறக்குகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது எனக்கு. கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டு, தெரியாமல் யாரும் ஏற்றிவிடாமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். நடையிலிருந்து மொள்ளுகிற சத்தம், துடைக்கிற சத்தம், ஊற்றுகிற சத்தம் வரும். கடைசியில், "ஆச்சு அத்தே!" என்பாள். அப்புறம்தான் ஏற்றுவேன். அந்த ஆட்டத்தை நான் மறுபடி ஆடவில்லை. யாராவது கேட்டால் இடுப்பு வலி என்றுவிடுவேன்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மொண்டாள், துடைத்தாள், சத்தம் நின்றது. ஆச்சு அத்தே வரவில்லை.

"ஆச்சாமே?" என்றேன்.

பதில் இல்லை.

"ஏ பொண்ணே, ஆச்சா?"

இல்லை. மெயின் இறக்கியிருக்கிறது. இறக்கியவளே நான், கைப்பிடி என் கைக்குள் இருக்கிறது. வீட்டில் ஒரு ஒயரில்கூடக் கரண்ட் இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும், "யாரும் இதத் தொடாதீங்கடா!" என்று ஆளிடம் கத்திவிட்டு, புடவை தடுக்கத் தடுக்க நடைக்கு ஓடினேன்.

மணைப்பலகைமேல் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு உயரத்துக்குப் பலகை வேறு. ஒரு கை சட்டத்தில், ஒரு கை தண்ணீரில். வாய் திறந்திருக்கிறது, கண் செருகியிருக்கிறது. சத்தமே இல்லை.

நான் நின்ற இடத்திலேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அசல் மாதிரி கீதா அத்தே?"

"நாசமாப் போறவளே," என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.  அவள் ஈரக்கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.